நீ பார்த்த கரண்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் உன்னைக் கடிந்துகொள்ளப் போகிறேன். அதனால் அந்த வேண்டுதலில் எதுவும் குறைந்துவிட்டதாக எண்ணாதே.

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நீ பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு மயக்கம் வந்ததாகவும், இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று மருந்துக்கடைக்காரர், "என்னம்மா, பையன் பேச்சைக் கேட்டு அப்படியே சாஞ்சுட்டீங்களாமே? பெத்த வயிறு, தாங்குமா பின்னே?" என்றார். உன் உதவியாளர் பத்திரிகைக்காரர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு மயக்கம் வரவில்லை. யாரும் என்னைத் தாங்கவும் இல்லை. நானே எழுந்தேன், நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளினேன், மேடைப் படியில் இறங்கிப் போனேன். ஒருவர் பேசும்போது நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். தெரிந்தேதான் செய்தேன்.

நீ சட்டைப் பையிலிருந்து அந்தக் கரண்டியை எடுத்துத் தூக்கிக் காட்டியதுதான் காரணம். "இந்தக் கரண்டியாலதான் எங்கம்மா எங்கப்பாவுக்குக் கடைசி மூச்சு வரைக்கும் ஊட்டினாங்க" என்றாய். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது நம் வீட்டுக் கரண்டியே இல்லை. நம் வீட்டுக் கரண்டிகளின் பிடியில் ஒரு கோடு ஓடும். ஒன்று குறையாமல் என் அலமாரியில் இருக்கின்றன. நீ காட்டியதில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசைகூடப் போகவில்லை. விளக்கு வெளிச்சத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அடுத்தமுறை உன் உதவியாளரை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கச் சொல்.

கரண்டி வேறு என்பதற்காக மட்டும் நான் எழுந்து போகவில்லை. நீ சொன்ன கதையும் நடந்தது இல்லை.

நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. நீ பார்த்ததை வைத்து நம்பினாய், நம்பியதைச் சொன்னாய். அப்பா போன அன்று நீ தேர்தல் பிரசாரத்திலிருந்து நேராக வந்தாய். சட்டையில் கட்சிக்கொடி குத்தியிருந்தது, அதைக் கழற்றக்கூட உனக்குத் தோன்றவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் ஒரு கிண்ணமும் கரண்டியும் இருந்தன. அந்தக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதாய். நான் கடைசிவரைக்கும் ஊட்டியிருக்கிறேன் என்று நீயாகவே எடுத்துக்கொண்டாய். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வீடு முழுக்க ஆட்கள், நான் அவர்களை உட்காரவைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் இத்தனை வருடத்தில் நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அந்தக் கிண்ணத்தில் இருந்தது தண்ணீர். உதடு காய்ந்துபோகாமல் நனைப்பதற்கு. உணவை நாங்கள் அதற்கு முன்பே நிறுத்திவிட்டோம். நாங்கள் என்றால் நான், டாக்டர், வீட்டுக்கு வந்துபோன நர்ஸ், உன் அப்பா. முதலில் முடிவு செய்தவர் உன் அப்பாதான்.

அடுத்த வாரம் சபையில் வாக்கெடுப்புக்கு வரும் உன் மசோதாவை ஊரே கரண்டிச் சட்டம் என்கிறது. உன் அலுவலகத்திலிருந்து வாங்கி முழுவதும் படித்தேன். நோயாளி தானே மறுத்தாலும் உணவை நிறுத்தக் கூடாது. வாயால் முடியாவிட்டால் குழாய் போட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்தாருக்குச் சிறை, அதை ஒப்புக்கொள்ளும் டாக்டருக்குச் சிறை, தெரிந்தும் புகார் செய்யாத நர்ஸுக்கும் சிறை. உன் பேச்சை விட மசோதா தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நடந்ததை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு போனது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அவர் அதைப் பிடுங்கினார். மறுபடி போட்டார்கள், மறுபடியும் பிடுங்கினார். பிறகு நல்ல கையைக் கட்டில் கம்பியோடு துணிப்பட்டையால் கட்டினார்கள். நீ பார்க்க வந்தபோதெல்லாம் போர்வை மூடியிருந்தது. போர்வையை இழுத்துவிட்டது நான்தான், உன் மனம் நோகக் கூடாது என்று. ஒரு நாளில் எத்தனையோ பேருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட கை அது. நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் அவர் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது வால்வை மூடுவதைத்தான். திடீரென்று மூடினால் குழாய்க்குள் தண்ணீர் முட்டி வெடித்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும் என்பார். அந்தக் கை கட்டப்பட்டுக் கிடந்ததை நான் தினமும் பார்த்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் கரண்டியை எடுத்தேன். என்னை உனக்குத் தெரியும். தட்டில் மிச்சம் வைத்தால் கான்வென்ட்டில் மணியடித்தபிறகும் உட்காரவைப்பார்கள், அப்படி வளர்ந்தவள் நான். கஞ்சியை வடிகட்டி, சூடு பார்த்து, நேரம் தவறாமல் கொடுத்தேன். கொஞ்ச நாள் வாங்கிக்கொண்டார். பிறகு வாயை இறுக்கிக்கொண்டார். நான் விடவில்லை. கன்னத்தை அமுக்கித் திறக்கப் பார்த்தேன். நர்ஸ்தான், "விடுங்கம்மா, பல்லு உடைஞ்சிடும்" என்று என் கையை எடுத்துவிட்டாள்.

ஒருநாள் அவரே என் மணிக்கட்டைப் பிடித்தார். தட்டிவிடவில்லை, தள்ளிவிடவில்லை. கரண்டியோடு என் கையை மெல்ல மெல்லக் கீழே இறக்கிப் படுக்கையில் வைத்தார். வைத்துவிட்டு அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். கஞ்சி விரிப்பில் கொட்டியது. எனக்குக் கறை பிடிக்காது, உனக்குத் தெரியும். நான் அசையவில்லை. "வேண்டாமா?" என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்தார். "குழாயும் வேண்டாமா?" என்று கேட்டேன். மறுபடி மூடித் திறந்தார். "எனக்குத் தனியா இருக்கத் தெரியாதே" என்று சொன்னேன். அதற்கு அவர் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்தார். மறுபடி குழாய் போடலாம், ஆனால் கையைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "சரிம்மா. வலி இல்லாம பார்த்துக்கலாம்" என்றார். வலி இல்லாமல்தான் போனார்.

உன் அத்தைக்கு இது முழுவதும் தெரியும். அப்போது என் சமையலறையில் நின்று, "எங்கண்ணனைப் பட்டினி போட்டுக் கொல்றீங்க அண்ணி, இது உங்களை விடாது" என்று சொன்னாள். இன்றைக்கும் அவளுக்கு அதே எண்ணம்தான். நான் பாவம் செய்தேன் என்று அவள் நினைக்கிறாள், நான் அவளுக்கு விளக்கம் சொல்வதில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வருகிறாள், தேநீரில் சர்க்கரை போதாது என்கிறாள், என் நகத்தை வெட்டிவிடுகிறாள். போகும்போது உன் அப்பா படத்துக்கு முன் நின்று என்னைப் பற்றி ஏதோ புகார் சொல்லிவிட்டுப் போவாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் சத்தமாக. "அவன் மேடையில் சொல்வது நடந்தது இல்லையே, நீயாவது அவனிடம் சொல்லக் கூடாதா?" என்று அவளிடம் கேட்டேன். "அவன் சொல்றது உங்களுக்குப் பெருமைதானே அண்ணி? விடுங்க. நடந்தது நமக்குள்ள இருக்கட்டும்" என்றாள். உன் சட்டத்தை அவள் ஆதரிக்கிறாள். ஆனால் அந்தச் சட்டப்படி நான் சிறைக்குப் போக வேண்டியவள் என்று சொன்னபோது, "அய்யோ, உங்களையா? அது வேற, கண்டவங்களுக்குத்தானே சட்டம்" என்று பதறினாள். உனக்குக் கைதட்டியவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தட்டியிருப்பார்கள்.

நீ இதற்கு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சொத்துக்காகத் தாயை அறையில் பூட்டிவைத்து, சோறு தண்ணீர் இல்லாமல் சாகவிட்ட அந்த இரண்டு மகன்களைச் சொல்வாய். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அது கொலை. கொலைக்கு உன் தாத்தா காலத்திலிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தத் தாய் கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறாள், இவர்கள் கொடுக்கவில்லை. உன் அப்பாவுக்கு நான் கொடுத்தேன், அவர் வேண்டாம் என்றார். இந்த இரண்டும் ஒன்று என்று ஒரே பிரிவில் எழுதியிருக்கிறாயே, இதற்காகவா உன்னைச் சட்டம் படிக்கவைத்தோம்?

நான் கட்டுப்பாடு பிடிக்காதவள் இல்லை. கட்டுப்பாடு இல்லாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கான்வென்ட்டில் படிப்பறையில் யார் பேசுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதற்கு என்னைத்தான் வைத்திருந்தார்கள். நான் நன்றாகவே செய்தேன், அதனால் எனக்குத் தோழிகள் குறைவு. ஜெபக்கூடத்திலும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறார்கள், அங்கேயும் என்னையே வையுங்கள் என்று மதரிடம் போய்க் கேட்டேன். மறுத்துவிட்டார். "நீ அங்கே நின்றால் உனக்குப் பயந்து கைகூப்புவார்கள், அதற்கு ஜெபக்கூடம் எதற்கு, படிப்பறையே போதுமே" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் வந்தன. அவர் சொன்னதை இன்றும் முழுக்க ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே தூங்கினார்கள். ஆனால் உன் மசோதாவைப் படித்ததிலிருந்து அந்த மறுப்புத்தான் நினைவுக்கு வருகிறது.

நான் செய்தது சரி என்று உன்னிடம் வாதாட வரவில்லை. சரிதானா என்று எனக்கே உறுதியாகத் தெரியாது. சில நாட்களில் உன் அத்தை சொன்னதுதான் உண்மையோ என்று தோன்றும். அதற்கு ஒருநாள் கணக்குக் கேட்பார்கள், நான் பதில் சொல்வேன். கேட்பவர் உன் கட்சிக்காரர் இல்லை. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும். உன் சட்டம் அப்போது இருந்திருந்தால், அவர் என் கையைப் பிடித்தபோது நான் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். அறைக்கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்திருப்பேன். நர்ஸ் டாக்டரைப் பார்த்திருப்பாள், டாக்டர் நர்ஸைப் பார்த்திருப்பார். அவர் கையைத் திரும்பவும் கட்டியிருப்போம். எல்லோரும் நல்லவர்கள் என்று பெயர் வாங்கியிருப்போம்.

அந்த நர்ஸ் புதன்கிழமை வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உன் பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். "அம்மா, சார் என்னைப் பத்தியும் சொன்னாரே, அந்த நர்ஸ் தெய்வம்னு. நாளைக்கு யாராவது தோண்டினா நான்தானேம்மா மாட்டுவேன்? ஆஸ்பத்திரியில இப்பவே எங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க, எந்த வீட்டுல என்ன பார்த்தாலும் சொல்லணும்னு" என்றாள். இனிமேல் வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாளாம். என் வீட்டுக்கும்தான். வாசல்வரை போய்த் திரும்பிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களை விட்டுட்டுப் போறேன்னு நினைக்காதீங்கம்மா" என்றாள். விட்டுவிட்டுத்தான் போகிறாள். நான் அவளைக் குறைசொல்ல மாட்டேன், அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் வீட்டுக்கு நர்ஸ் எதற்கு என்று நீ கேட்பாய். அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

கொஞ்ச காலமாகத் தண்ணீர் குடித்தால் எனக்குப் புரையேறுகிறது. வயது என்று நினைத்தேன். பிறகு பேசும்போது சில எழுத்துகள் வழுக்கின. நீ போனில், "என்னம்மா, தூக்கக் கலக்கமா?" என்று கேட்டாய். பரிசோதனைகள் செய்தார்கள். விழுங்கும் தசைகளும் பேசும் தசைகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகும் நோயாம். மருந்து இல்லை. இப்போது நான் தண்ணீரையும் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் குடிக்கிறேன். மருமகள் விருந்துக்கு அழைத்தபோது வரவில்லை என்றதற்கு வருத்தப்பட்டாளாம். எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை என்று சொல். பிறர் முன்னால் இருமித் துப்பிக்கொண்டு சாப்பிட எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

குளிர்காலம் முடிவதற்குள் குழாயைப் பற்றி முடிவு செய்ய வேண்டிவரும் என்கிறார் டாக்டர். அதே டாக்டர்தான். முடிவு செய்துவிட்டேன் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க பையன்கிட்ட பேசிடுங்கம்மா. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். ஒருகாலத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசிய மனிதர்.

உன்னிடம் நேரில் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தேன். முடிந்ததும் காரில் பேசலாம் என்று நினைத்திருந்தேன். என்னை மேடையில் உட்காரவைப்பாய் என்று எனக்குத் தெரியாது. போனில் சொல்ல விருப்பமில்லை. நீ பேசும்போது பக்கத்தில் நான்கு பேர் மூச்சுவிடுவது கேட்கிறது. சில நாட்களாக எனக்கு வரும் குறுஞ்செய்திகளை உன் உதவியாளர்தான் எழுதுகிறார் என்பதும் தெரியும். நீ என்னை ஒருநாளும் "அன்னையே" என்று அழைத்ததில்லை.

எப்படி வாக்களிக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லப்போவதில்லை. அது உன் மனசாட்சி. அதற்குள் கண்காணிப்பாளராக நுழைந்தால் நான் இதுவரை எழுதியதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் இனி எந்த மேடையிலும் உன் அப்பாவைப் பற்றிப் பேசாதே. இது வேண்டுகோள் இல்லை, கட்டளை. அவருக்கு அவமானம் என்பதால் இல்லை. அவர் வேண்டாம் என்று சொன்னது ஒன்றே ஒன்று, அதையும் நீ அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாய்.

இன்னொன்று கேட்கிறேன், அது வேண்டுகோள். என்னால் வாய்திறந்து சொல்ல முடியாத நாள் வரும்போது என் சார்பில் கேட்கப்படுபவன் நீ ஒருவன்தான். அன்றைக்கு உன் சட்டம் நடப்பில் இருந்தாலும், நீயே அதற்குக் கைதூக்கியிருந்தாலும், எனக்குக் குழாய் போட வேண்டாம் என்று நீ சொல்வாயா? சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன் பதவி, உன் பெயர், ஒருவேளை இன்னும் மோசமாகவும். தாய் மகனிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை இது. வேறு யாரிடம் கேட்பது என்று நீ சொல். மாட்டேன் என்றால் அதற்காக உன்மேல் கோபப்பட மாட்டேன். என் கையைக் கட்டும்போது நீ அறைக்குள் இருக்க வேண்டாம் என்று மட்டும் ஏற்பாடு செய்துகொள்வேன்.

உனக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். அது முடியும் நேரத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பயமில்லாமல் உன் முகத்தைப் பார்க்கட்டும்.

வாக்கெடுப்புக்கு முன் பதில் வேண்டும். ஆம் அல்லது இல்லை, எதுவானாலும் உன் கைப்பட எழுதித் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
உன் அம்மா